மாடி வீட்டுச் சூடும் அடைத்த ஜன்னலும்

(கோடை தொடங்குவதற்கு முன் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பங்குனி பிறந்துவிட்டால் நம் அலுவலகத்துக்கு இரண்டு வகை விண்ணப்பங்கள் அதிகமாக வரும். ஒன்று, ஃபேன் வேண்டும் என்பது. மற்றது மருத்துவ உதவி. குழந்தைக்கு வீசிங், அம்மாவுக்கு மயக்கம், அத்தாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, இப்படி. இரண்டையும் தனித்தனிக் கோப்பில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் விசாரணைக்காக வீடுகளுக்குப் போகும்போது, இரண்டு கோப்புகளும் பல நேரம் ஒரே வீட்டைப் பற்றியவை என்பது தெரிகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷன். பகல் முழுக்க வெயில் வாங்கிய தளம். ஜன்னல் இருக்கும், ஆனால் அடைத்திருக்கும். உள்ளே ஒரு ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேசிவிடலாம் என்று நினைத்தோம்.

நாம் குடியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். தினமும் ரயிலில் போகிறோம். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஒரு நிலையம், தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 1928-இல் டாக்டர் சௌரி முத்து என்ற தமிழர் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் இதே மாதிரி ஒரு சிகிச்சை இல்லத்தை நடத்தியவர். காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. திறந்த வெளிக் காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதற்கு ஊருக்கு வெளியே நல்ல காற்று வீசும் இடம் வேண்டும். அப்படித் தேடிக் கண்டுபிடித்த இடம் நம் தாம்பரம். 1937-இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காற்றுக்காக நோயாளிகளை அழைத்து வந்த அதே ஊரில்தான் இன்று ஜன்னலை அடைத்துவிட்டு இருமிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காற்று காசநோயைக் குணப்படுத்தாது. அதை நிரூபித்ததும் நம் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான சொந்த வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். உலகம் முழுவதும் காசநோய் சானடோரியங்கள் தேவையற்றுப் போனதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஆகவே யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. நோய் என்றால் மருந்து, சொன்ன காலம் முழுவதும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அதை வாங்காமல் விட்டவர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டாம், அலுவலகத்தில் சொல்லுங்கள், விண்ணப்பிக்க நாங்கள் உதவுகிறோம்.

அப்படியென்றால் காற்றுக்கு என்ன வேலை? நோய் அடுத்தவருக்குப் போகாமல் இருப்பதில் அதற்கு வேலை உண்டு. இருமலில் வெளிவரும் நுண்துளிகள் அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். காற்று மாறும் அறையில் கலைந்து போய்விடும். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் இதை அளந்து பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில், ஜன்னலைத் திறந்து வைத்தாலே, இயந்திரக் காற்றோட்டம் செய்த புதிய அறைகளைவிட அதிகக் காற்று மாறியது. திறந்து வைத்தால் என்பதுதான் முக்கியம்.

இனி சூட்டுக்கு வருவோம்.

சென்னையில் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த நாளை மறக்காதவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஆனால் ஆளைச் சாய்ப்பது பகல் 45 டிகிரி மட்டும் அல்ல. இரவும் அதே அளவு முக்கியம். மே மாதம் விடியற்காலையில் வெளியே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். மாடி போர்ஷனுக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். காரணம் தளம். ஐந்து அங்குல கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, மஃரிபுக்குப் பிறகுதான் அதை மெதுவாக நமக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறது. நள்ளிரவு வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். நாம் படுக்கும் நேரமும் அதுதான். உடம்பு பகலில் பட்ட சூட்டை இரவில்தான் ஆற்றிக்கொள்கிறது. அந்த ஓய்வு மூன்று நான்கு நாள் தொடர்ந்து கிடைக்காவிட்டால் வயதானவர்கள், இதய நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள், கைக்குழந்தைகள் தாங்க மாட்டார்கள். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் கூடுதல் என்று கணக்கிட்டார்கள். அதன் பிறகுதான் 2013-இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று ஒரு செயல்திட்டம் கொண்டுவந்தது. நம் மாநில அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. சூட்டில் இறந்தவரை "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டு வந்த ஜனாஸாக்கள் எத்தனை என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

சீலிங் ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி நம் உடம்பைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் யாருக்கும் பயனில்லை. மின்சாரம்தான் போகும். அதோடு, சுடும் தளத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கும் ஃபேன், தளத்தை ஒட்டித் தேங்கி நிற்கும் சூடான காற்றை இழுத்து நம் தலையில் கொட்டுகிறது. அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் காற்று உதவாது, உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த நேரத்தில் முதியவரைக் கீழ் வீட்டுக்கோ பள்ளிவாசல் வராந்தாவுக்கோ அழைத்து வந்துவிடுவதுதான் வைத்தியம். கடும் வெயிலில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தாமதப்படுத்த நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. வெயிலைப் பொறுத்துக்கொள்வதே இபாதத் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. தளத்தைச் சூடாகாமல் வைப்பது ஒன்று. உள்ளே சேர்ந்த சூட்டை வெளியே தள்ளுவது மற்றொன்று.

தளத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. வெள்ளை அடியுங்கள். நல்ல சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்து, இரண்டு மூன்று பூச்சு. அடுத்த மழைக்கு ஓரளவு போய்விடும், மறு வருடம் மீண்டும் அடிக்க வேண்டும். கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் செலவு அதிகம், சில வருடம் நிற்கும். எதுவாக இருந்தாலும் தூசி படிந்து சாம்பல் நிறமானால் பலன் குறையும், பெருக்கிக் கழுவ வேண்டும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டால் நன்றாகக் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு தீபாவளி ராக்கெட் போதும், தெருவே பற்றும். எங்களுக்கு அதில் சம்மதமில்லை. சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். மே மாதம் லாரித் தண்ணீர் விலை எல்லோருக்கும் தெரியும், போதாததற்குத் தளத்தில் கசிவு வரும்.

காற்றுக்குத்தான் அதிக விளக்கம் தேவை.

நம் வீடுகளில் ஜன்னல் ஏன் அடைத்திருக்கிறது? கொசு ஒரு காரணம், தூசி ஒரு காரணம். ஆனால் தாய்மார்களைக் கேட்டால் முதலில் சொல்வது கோஷா. எதிர்வீடு நாலடி தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் முக்காடு இல்லாமல் நடமாட முடியாது என்றால் ஜன்னலை மூடத்தான் செய்வார்கள். அதைக் குறையாகச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஆண்கள் யோசிக்க வேண்டும். நோன்புக் காலத்தில் அஸருக்குப் பிறகு எட்டடிக்கு ஏழடி சமையலறையில், இரண்டு பர்னரும் எரிய, சமோசாவும் வடையும் பொரித்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இரண்டு மணி நேரம் நிற்பவர் யார்? நாம் பள்ளியில் ஏ.சி.க்குக் கீழே கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறோம்.

கோஷாவும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. நம் முன்னோர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் வீடு கட்டினார்கள். கெய்ரோவின் பழைய வீடுகளில் மஷ்ரபிய்யா என்ற மரச் சல்லடை ஜன்னல் உண்டு. உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் இருப்பவருக்கு உள்ளே தெரியாது, காற்று தடையின்றி வரும். அதே வீடுகளில் கூரைக்கு மேல் காற்று வரும் திசையைப் பார்த்துத் திறந்திருக்கும் மல்கஃப் என்ற காற்றுக் கூண்டு இருக்கும். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி இவற்றையெல்லாம் விளக்கி எழுதியிருக்கிறார். துபாயில் வேலை பார்த்தவர்கள் பஸ்தகிய்யா பகுதியில் பர்ஜீல் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதுதான். தொலைவுக்குப் போவானேன், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளின் நடுவே முற்றம் இருக்கும். பெண்கள் புழங்கும் இடத்துக்கு வானத்திலிருந்து காற்று வரும், எந்த அந்நியக் கண்ணும் படாது. பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் பழைய தோல் தொழிற்கூடங்களில் வேலை செய்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். தோல் உலர்த்தும் கூடத்தில் காற்று ஊடுருவிப் போக வேண்டும், நேர் வெயில் படக்கூடாது என்பது உங்களுக்குப் பாலபாடம். தோலுக்குக் காட்டிய அக்கறையை ஆளுக்குக் காட்டினால் போதும்.

இன்றைக்கு என்ன செய்யலாம்? முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். இருபது முப்பது வருடத்துக்கு முந்தைய வீடென்றால், ஜன்னலுக்கு மேலே தளத்தை ஒட்டி ஒரு சிறிய வென்டிலேட்டர் இருக்கும். சூடான காற்று மேலே ஏறும், அது வெளியே போவதற்காக வைத்தது அது. ஏழு அடிக்கு மேலே இருப்பதால் யார் கண்ணும் உள்ளே வராது. பெரும்பாலான வீடுகளில் அதை அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள், அல்லது குறுக்கே பரண் கட்டிச் சாமான் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது ஏ.சி. பொருத்த வந்தவர் சிமென்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திறப்பதற்குச் செலவே இல்லை. கொசுவலை மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். வலையில் தூசி அடைந்தால் காற்று வராது, மாதம் ஒருமுறை பிரஷ் போடுங்கள்.

ஜன்னலுக்குச் சாய்வுப் பட்டைகள் பொருத்தினால் எதிர்மாடியில் இருப்பவருக்கு உள்ளே தெரியாது. புதிதாகக் கட்டுபவர்கள் ஜாலிக் கல் வையுங்கள். நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் இருபது சதுர அடி. எந்த பில்டர் வைக்கிறார் என்று அளந்து பாருங்கள். இன்னொன்று, மெல்லிய திரை பகலில் மறைக்கும், ஏனென்றால் வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. இரவில் விளக்கைப் போட்டதும் அது தலைகீழாகிவிடும். ஆகவே படுக்கும்போது விளக்கை அணைத்த பிறகு திரையை விலக்கி ஜன்னலைத் திறக்கலாம், எதுவும் தெரியாது.

எப்போது திறப்பது என்பதும் முக்கியம். கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடு. வெயில் விழும் பக்கத்து ஜன்னலை அப்போது சாத்துவது சரிதான். கடல் காற்று நகரத்துக்குள் நண்பகலை ஒட்டி வரும், நமக்குச் சற்றுத் தாமதமாக வரும், மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் வராமலே போகும். வந்தால் கிழக்கு, தென்கிழக்கு ஜன்னலில் தெரியும். இஷாவுக்குப் பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் அதை நம்மை நோக்கி வைக்காமல் ஒரு ஜன்னலில் வெளியே பார்த்தபடி வையுங்கள். அது சூடான காற்றை வெளியே தள்ளும், எதிர் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். ஏர்கூலரைப் பலர் கேட்கிறார்கள். வேலூரில் அது நன்றாக வேலை செய்யும். இங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால், அடைத்த அறையில் கூலர் போட்டால் புழுக்கம்தான் கூடும்.

அடுத்தது சமையலறை. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத சமையலறைகள் நம் பக்கத்தில் இன்னும் நிறைய. இருக்கும் இடத்திலும் பொருத்திய விதம் சரியில்லை. அடுப்பு உள்ள வெளிச் சுவரில், முடிந்த அளவு மேலே இருக்க வேண்டும். அதை ஒட்டியே ஜன்னல் திறந்திருந்தால், அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும், அடுப்புப் பக்கம் எதுவும் நகராது. ஃபேன் ஓடும்போது பக்கத்து ஜன்னலைச் சாத்தி, ஹால் பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள். ஹாலின் ஜன்னலிலிருந்து காற்று கிளம்பி வீடு முழுக்க வந்து சமையலறை வழியாக வெளியே போகும். ஒரு ஃபேனில் முழு வீட்டுக்கும் காற்றோட்டம். உள்ளே வர வழி இல்லாமல் வெளியே மட்டும் எவ்வளவு இழுத்தாலும் எதுவும் போகாது. சமையல் முடிந்ததும் உடனே நிறுத்திவிட வேண்டாம், கால் மணி நேரம் ஓடட்டும்.

மின்கட்டணம் பயந்து போடாதவர்களுக்குக் கணக்கு: 40 வாட் ஃபேன் தினம் நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட்டுக்குள். ஒன்றரை டன் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினால் ஒரே இரவில் ஏறக்குறைய அவ்வளவு.

சிம்னி வாங்குபவர்கள் கவனியுங்கள். வெளியே குழாய் விடாத சிம்னி எண்ணெயை வடிகட்டும், அவ்வளவுதான். சூடும் நீராவியும் திரும்ப அதே அறைக்குத்தான் வரும்.

நடு போர்ஷன் என்ன செய்யும்? ஒரே தளத்தை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளில் நடுவில் உள்ள சமையலறைக்கு வெளிச் சுவரே இருக்காது. இதற்குத்தான் டக்ட் ஃபேன் என்று ஒன்று வந்திருக்கிறது. உருண்டையான ஃபேன், இரு பக்கமும் குழாய் மாட்டுவது. குளிர் நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இதை வேறு வேலைக்கு வாங்குகிறார்கள். கணப்பு உள்ள அறையின் சூட்டைக் குழாய் வழியாகப் படுக்கையறைக்குக் கொண்டு போகிறார்கள். நமக்கு வேண்டியது நேர்மாறு, சூட்டை வெளியே அனுப்பினால் போதும்.

அளவைப் பார்த்து வாங்க வேண்டும். எட்டுக்கு ஏழு, பத்தடி உயரச் சமையலறை 560 கன அடி. மணிக்கு இருபது முறை காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 11,200 கன அடி, அதாவது சுமார் 320 கன மீட்டர். பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். நான்கு அங்குல ஃபேன் பெரும்பாலும் போதாது, ஆறு அங்குலம் பாருங்கள். பெட்டியில் உள்ள எண் குழாய் மாட்டாமல் அளந்தது, குழாயின் நீளமும் வளைவும் அதைக் குறைக்கும். ஆகவே பரண் வழியாக நேராக, குறைந்த வளைவோடு, வெளியே சற்றுச் சரிவாகப் போகட்டும். சுருக்கும் அலுமினியக் குழாய் என்றால் நன்றாக இழுத்து நீட்டிப் பொருத்துங்கள். அடுப்புக்கு நேர் மேலே பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். ஃபேனை வெளிச் சுவர்ப் பக்கத்து முனையில் வைத்தால், இணைப்பில் கசிவு இருந்தாலும் புகை வீட்டுக்குள் வராது. வெளி வாயில் மூடித் திறக்கும் ஷட்டர் இல்லாவிட்டால் மழையும் எலியும் வரும். கழிவறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாக இணைக்கும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள். வருடம் இரண்டு முறை எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காவிட்டால் அதுவே தீப்பிடிக்கும்.

குழாயின் வெளி வாய் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகத் தாளிப்புப் புகையை விடுவதற்கு நமக்கு அனுமதி இல்லை. அண்டை வீட்டாரின் சம்மதம் இல்லாமல் அவருக்கு வரும் காற்றை மறைத்துக் கட்டடம் உயர்த்தக் கூடாது என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருப்பதால் அதை ஆதாரமாக வைக்கவில்லை. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது என்பதற்கு வலுவான ஹதீஸ்களே போதும். அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றும் அவற்றில் நிபந்தனை இல்லை.

உயிர் போகும் விஷயங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீஸர் வைக்காதீர்கள். அடைத்த அறையில் அது எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிக்கப் போன பிள்ளை கதவைத் திறக்காது. கீஸர் வெளியே, குழாய் மட்டும் உள்ளே. அதே காரணத்தால் அடைத்த அறையில் கரியடுப்பும் கூடாது. இரண்டாவது, சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடக் கை போகும், போடாதீர்கள். எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

சூட்டில் ஒருவர் குழப்பமாகப் பேசினாலோ, உடம்பு கொதித்தாலோ, நினைவு தப்பினாலோ 108. வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனி அறக்கட்டளை என்ன செய்யப் போகிறது என்பது. ஏ.சி.க்கான விண்ணப்பத்தை, மருத்துவர் எழுதிக் கொடுத்த நோயாளி உள்ள வீட்டைத் தவிர, இந்த வருடம் எடுத்துக்கொள்ள மாட்டோம். அந்தத் தொகையில் எத்தனை மாடிகளுக்கு வெள்ளை அடிக்கலாம் என்று கணக்குப் பார்த்தபோது எங்களுக்கு வேறு முடிவு எடுக்க மனம் வரவில்லை. வரிசை இதுதான்: முதலில் மாடிக்குச் சுண்ணாம்பு, பிறகு சமையலறை எக்ஸாஸ்ட், நடு போர்ஷனுக்கு டக்ட் ஃபேன், அதன் பிறகு சீலிங் ஃபேன். சீலிங் ஃபேன் வாங்கினால் 30 வாட்டை ஒட்டி ஓடும் பி.எல்.டி.சி. வகைதான் வாங்குவோம், பழையது 75 வாட் இழுக்கும். இந்தச் செலவு ஸதகா நிதியிலிருந்து. ஜகாத்திலிருந்து செய்யலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீட்டில் பொருத்தும் பொருள் கடைசியில் வீட்டுக்காரருக்குப் போய்விடும் என்ற சிக்கல் இருப்பதால், ஆலிம்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் வரை ஜகாத்தைத் தொட மாட்டோம்.

வீட்டு உரிமையாளர்களாக இங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. மொட்டை மாடி உங்களுடையது, அதன் சூடு மட்டும் வாடகைக்காரருடையது. சுவரில் ஆறு அங்குல ஓட்டை போட அனுமதி கேட்டால் "கட்டடம் பாழாகும்" என்று மறுக்கிறீர்கள். தூணையும் பீமையும் விட்டுவிட்டுச் செங்கல் சுவரில் போடும் ஓட்டையால் கட்டடம் பாழாகாது. போடும் ஆளை நாங்களே அனுப்புகிறோம், பூசியும் கொடுக்கிறோம். சுண்ணாம்புக்குப் பாதிச் செலவு நீங்கள் ஏற்றால் மீதி எங்களுடையது. அதைக் காரணம் காட்டி அடுத்த மாதம் வாடகையை ஏற்றுவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனை சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் அதை மாற்றுவதாக இல்லை.

விண்ணப்பப் படிவம் வாசலில் இருக்கிறது. எந்த மாடி, மேலே திறந்த தளமா, சமையலறைக்கு வெளிச் சுவர் உண்டா, வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர், கைக்குழந்தை, வீசிங் அல்லது காசநோய் உள்ளவர் யாராவது இருக்கிறார்களா, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். நோய் விவரம் வெளியே போகாது. பார்வையிட வரும் குழுவில் இரண்டு சகோதரிகள் இருப்பார்கள், சமையலறையை அவர்கள்தான் அளப்பார்கள். படிவத்தை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.